நடு வானத்தில் நங்கூரம் போட முடியுமா?

பழவேற்காட்டுக்கு எதற்குப் போவார்கள்? இறால் வாங்கப் போவார்கள். நண்டு வாங்கப் போவார்கள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளப் போவார்கள். மார்கழி, தை மாதங்களில் ஏரித் தண்ணீரில் ஒற்றைக் காலில் தவம் செய்கிற பூநாரைகளைப் பார்க்கப் போவார்கள். நானும் என் நண்பனும் போனது விமானம் ரிப்பேர் பண்ண!

சிரிக்காதீர்கள். முழு விமானம் அல்ல. அதன் இன்ஜின் மட்டும். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, குட்டி யானை வண்டியின் பின்னால் படுக்க வைத்திருந்தோம். பொன்னேரி தாண்டி ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் நண்பன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். பிரசவத்துக்கு ஆட்டோவில் போனபோது தன்னைக்கூட அவன் அப்படிப் பார்க்கவில்லை என்று அவன் மனைவியே சொல்கிறாள்.

நண்பன் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்ச். டிப்ளமா மெக்கானிக்கல். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பொன்னேரி பக்கம் அவன் அப்பா விட்டுப்போன மாட்டுக் கொட்டகையில் இப்போது மாடு இல்லை. அலுமினியக் குழாய்களால் ஆன ஒரு எலும்புக்கூடு நிற்கிறது. இரண்டு இறக்கை, ஒரு வால், ஒரே ஒரு சீட். ஆறு வருஷமாக நிற்கிறது.

நான் பி.காம். பகலில் நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இரவில் இந்த மாதிரிக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டிலும் வருமானம் சுமார்தான். அப்படியும் சிறுகச் சிறுகச் சேர்த்து இரண்டு லட்ச ரூபாய் போஸ்ட் ஆபீசில் வைத்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். அங்கேதான் வந்தது வினை.

"மாப்ளே, நீ ரெண்டு லட்சம் போடு. பாதி உனக்கு. ஞாயித்துக்கிழமையானா பறக்கலாம்."

"எந்தப் பாதிடா? இறக்கையா, வாலா?"

"கணக்குப்பிள்ளை புத்தி போகுமா!" என்றான்.

இந்த ரகத்துக்கு அல்ட்ராலைட் என்று பெயர். ஹேங் கிளைடர் எனப்படும் துணி இறக்கையில் ஒரு குட்டி இன்ஜினைக் கட்டிக்கொண்டு ஜான் மூடி என்ற அமெரிக்கர் 1976-ல் ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவில் பறந்து காட்ட, அங்கே பைத்தியம் பற்றிக்கொண்டது. 1982-ல் அமெரிக்க அரசாங்கமே இதற்குத் தனி விதி போட்டது. காலி எடை 115 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, ஒரே சீட், பெட்ரோல் சுமார் 19 லிட்டர், அவ்வளவுதான். ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளே கிட்டத்தட்ட 190 கிலோ வரும். அதைவிடக் கனம் குறைந்த ஒரு வஸ்துவில் உட்கார்ந்து ஆகாயத்தில் போவது! யோசித்தாலே வயிற்றில் ஏதோ செய்கிறது அல்லவா? எனக்கும் செய்தது. ஆனால் ஆசையாகவும் இருந்தது. அதை மறைப்பானேன்?

வீட்டிலேயே விமானம் கட்டுகிற ஆசை நம்ம பக்கம் புதுசும் இல்லை. 1910-ல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்ற கார்சிகாத் தீவுக்காரர், முந்தைய வருஷம் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்த சேதி கேட்டு, தானே ஒரு டிசைன் போட்டார். சிம்ப்ஸன் கம்பெனியில் கொடுத்து விமானமாகச் செய்து வாங்கினார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார். ஓட்டல்காரர் புத்தி, இலவசமாகக் காட்டுவாரா?

நம் காலத்துக்கு வந்தால் இடுக்கி மாவட்டத்து சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்துப் பிடித்த ஆசை. எலெக்ட்ரானிக் சாமான்கள் ரிப்பேர் செய்து சம்பாதித்த காசில் வருஷக்கணக்காகக் கட்டிய அவருடைய குட்டி விமானம், 2014-ல் நம்ம திருநெல்வேலிச் சீமை மணிமுத்தாறில் பறந்தது. ஓட்டிக் காட்டியவர் விமானப் படையில் இருந்து ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே.நாயர். மும்பையில் அமோல் யாதவ் என்ற பைலட் காந்திவலி அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் ஆறு சீட் விமானமே கட்டினார். கட்டியதைவிடப் பேப்பர் வாங்கியதுதான் பெரிய கதை. 2016-ல் கண்காட்சியில் வைத்த விமானத்துக்கு 2017 நவம்பரில்தான் பதிவு எண் கிடைத்தது. பறக்க அனுமதி 2019-ல்.

ஆமாம், எவ்வளவு குட்டி விமானமானாலும் நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு செய்யாமல், அனுமதி வாங்காமல் தரையை விட்டு ஒரு அடி எழும்பக்கூடாது. அதிலும் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். அந்த வானத்தில் நாங்கள் மாட்டுக் கொட்டகை விமானத்தோடு போய் நின்றால் முதலில் ராக்கெட்காரர்கள் வருவார்கள், பிறகு போலீஸ் வரும், கடைசியாக என் மாமனார் வருவார். மூன்றாவதுதான் ஆபத்து.

இந்தக் கதைகளை எல்லாம் நண்பன் மனப்பாடமாகச் சொல்வான். எல்லாவற்றிலும் விமானம் மேலே கிளம்பியதும் 'வணக்கம்' போட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலையில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தது யார்? அது எந்தக் கதையிலும் வராது. ரைட் சகோதரர்கள் பெயர் ஒண்ணாம் கிளாஸ் பையனுக்குக்கூடத் தெரியும். 1903-ல் அவர்களுடைய விமானத்துக்கு ஆறே வாரத்தில் இன்ஜின் செய்து கொடுத்த சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லரை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் போன மாதம்தான் தெரியும்.

எங்கள் இன்ஜின் ஒரு பழைய ரோட்டாக்ஸ் 503. ஆஸ்திரிய நாட்டு சரக்கு. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், சுமார் 50 குதிரை சக்தி. கைமாறிக் கைமாறி நண்பனிடம் வந்து சேர்ந்தது. இந்த மாடலைக் கம்பெனி இப்போது தயாரிப்பதில்லை. டூ ஸ்ட்ரோக் பைக்குகளும் ரோட்டில் அருகிவிட்டன. ஆர்.எக்ஸ். 100 சத்தத்தை வைத்தே வியாதி சொன்ன மெக்கானிக்குகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். பெரிய டூ ஸ்ட்ரோக்கைத் தினமும் தொடுகிற கை இன்று எங்கே இருக்கிறது? மீன்பிடிப் படகில்! அதனால்தான் பழவேற்காடு.

மெக்கானிக் அண்ணன் கடை என்பது ஏரிக்கரையில் நாலு கம்பும் ஒரு கூரையும். குறுக்குக் கட்டையில் அவுட்போர்டு மோட்டார்கள் கசாப்புக் கடை மாதிரி வரிசையாகத் தொங்குகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெல்லாம் கட்டுமரம் போய் ஃபைபர் படகு பெருகிவிட்டது. அன்றிலிருந்து அண்ணனுக்குக் கை ஓயவில்லை. சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு, எந்தப் படகுக்கு என்றைக்கு பிளக் மாற்றினோம், தண்ணீர் பம்ப்பின் ரப்பர் சக்கரம் என்றைக்குப் போட்டோம் என்று எழுதி வைத்திருக்கிறார். எழுத்து கோழிக் கிறுக்கல். ஆனால் தேதி விடுபடவில்லை.

பெட்ஷீட்டை விலக்கிப் பார்த்தார். "படகு மோட்டார் இல்லியே இது. இன்னாதுக்கு?"

நண்பன் சொன்னான். அண்ணன் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பாதி பயம்.

"எத்தினி மணி ஓடியிருக்கு?"

நண்பன் கூரையைப் பார்த்தான். "கொடுத்தவரு கம்மியாத்தான் ஓட்டியிருக்கேன்னாருண்ணே."

"நோட்டு?"

"நோட்டு எதுவும் தரலை..."

இந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விமான இன்ஜினுக்கு வயது வருஷத்தில் மட்டும் இல்லை சார், மணியிலும் உண்டு. இந்த ரக டூ ஸ்ட்ரோக்குக்குக் கம்பெனி சொல்கிற ஆயுள் 300 மணி நேரம். அதற்குள் முழுவதும் பிரித்துப் பார்த்து கிராங்க் ஷாஃப்ட் முதற்கொண்டு மாற்ற வேண்டும். 50 மணிக்கு ஒரு தடவை தலையைத் திறந்து கரி சுரண்ட வேண்டும். இதெல்லாம் லாக் புக் என்ற நோட்டில் ஏற வேண்டும். நோட்டு இல்லாத இன்ஜின், கணக்குப் புத்தகம் இல்லாத கம்பெனி மாதிரி. பார்க்க ஜோராக இருக்கும். உள்ளே சொத்தா கடனா என்று யாருக்குத் தெரியும்? அப்படி ஒரு கம்பெனியில் யாராவது ரெண்டு லட்சம் போடுவானா? நான் போட இருந்தேன். பி.காம். படித்தவன்!

அண்ணன் சைலன்ஸர் பைப்பைக் கழற்றினார். டார்ச் அடித்து, புகை வெளியேறுகிற ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். நண்பனையும் பார்க்கச் சொன்னார்.

"பிஸ்டன் ஓரத்துல கோடு தெரியுதா? ஒரு தபா சூட்டுல புடிச்சி வுட்டிருக்கு. ரிங்கும் கரில ஒட்டிக்கினு கீது."

எங்கள் டூ ஸ்ட்ரோக்குக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலக்கிற ஆயில்தான் அதற்குத் தாய்ப்பால். 50 லிட்டருக்கு 1 லிட்டர் கணக்கு. கலக்க மறந்தாலோ, காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்தாலோ உள்ளே கொதித்து பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும். பிஸ்டன் தலையில் ஓட்டையே விழுந்துவிடுவதும் உண்டு. இது வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிற ஒரு கருவி உண்டு. வெளியேறுகிற புகையின் சூடு காட்டுகிற மீட்டர். இன்னொன்று சிலிண்டர் தலையின் சூடு காட்டும். இரண்டும் நண்பனிடம் இல்லை. என்ன வைத்திருந்தான் தெரியுமா? கலர் மேப் காட்டுகிற டேப்லட், பளிச் பளிச்சென்று மின்னும் இரண்டு விளக்கு, இறக்கை நுனிக்கு ஒட்டப் புலி ஸ்டிக்கர்! கல்யாணத்துக்கு சீர்வரிசை வாங்கிவிட்டு அரிசி வாங்க மறந்த கதை.

கருவி விஷயத்தில் அதற்குப் பிறகு நான் படித்தது கொஞ்சம். இந்த ரக விமானத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. எதை மாட்டினாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் பறக்க வேண்டும். சூடு காட்டும் மீட்டர், சுற்று காட்டும் மீட்டர், ஓடிய மணி காட்டும் மீட்டர், உயரம், வேகம், நாலு முனை சீட் பெல்ட், ஹெல்மெட். தண்ணீர் மேல் போவதானால் மிதவைச் சட்டை. வேகம் காட்டும் கருவிக்குக் காற்றைக் கொண்டுவருகிற சின்னக் குழாய்க்கு ஒரு உறை வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் குளவி கூடு கட்டிவிடும்; வேக முள் பொய் சொல்லும். அப்புறம் ஒரு சாண் கம்பளி நூல். ஆமாம், நூல்! மூக்குக்கு நேராக ஒட்டி வைத்தால் விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று அது படபடத்துக் காட்டிவிடும். பேட்டரி வேண்டாம், ரிப்பேர் கிடையாது. அறுந்தால் அம்மாவின் ஸ்வெட்டரில் இருந்து இன்னொன்று உருவிக்கொள்ளலாம்.

அண்ணன் அடுத்து இன்ஜினோடு வந்த போல்ட்டைக் கையில் எடுத்துத் தலையைத் தடவிப் பார்த்தார். கடைத்தெருவில் எடை போட்டு வாங்கிய போல்ட். தலையில் எண் எதுவும் இல்லை. நல்ல போல்ட்டின் தலையில் அதன் பலம் எண்ணாகப் பொறித்திருக்கும். விமானத்துக்கென்றே தனி ரகமும் உண்டு. "உப்புக் காத்துல இது எத்தினி நாளு வரும்?" என்று கேட்டு, தொங்கிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரின் அடியில் திருகியிருந்த வெள்ளைக் கட்டியைக் காட்டினார். பாதி அரித்துப்போயிருந்தது. துத்தநாகம். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் ஒட்டி இருந்தால் பேட்டரி மாதிரி ஒன்றை ஒன்று தின்னும். தின்கிற பசிக்கு முதலில் இந்தக் கட்டியைப் போட்டுவிட்டால் மோட்டார் பிழைக்கும். வருஷா வருஷம் கட்டி செத்துப்போகும், புதுசு போடுவார்கள். நண்பனின் கொட்டகையும் கடலில் இருந்து அதிக தூரமில்லை. அங்கே அலுமினியக் குழாயை இரும்பு போல்ட் ஆறு வருஷமாகத் தின்றுகொண்டிருந்தது. இறக்கைத் துணிக்கு வெயில் எமன், குழாய்க்கு உப்பு எமன். ஒரு நாளும் பறக்காத விமானத்துக்கும் தேய்மானம் உண்டு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"பெட்ரோல் எங்க வாங்குவ?" அடுத்த கேள்வி.

"பங்க்லதான்ணே."

அண்ணன் ஒரு டானிக் பாட்டில் எடுத்தார். 10 மில்லி தண்ணீர் விட்டு பேனாவால் கோடு போட்டார். மேலே எங்கள் கேனில் இருந்து 100 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி வைத்தார். தெளிந்ததும் பார்த்தால், அடியில் தண்ணீர் கோட்டைத் தாண்டி கிட்டத்தட்ட 30 மில்லிக்கு வந்து நிற்கிறது! மாயாஜாலம் இல்லை. இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். அது தண்ணீரைக் கண்டால் பெட்ரோலை விவாகரத்து செய்துவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். ஏரிக்கரை ஈரம், ராத்திரிக் குளிர், பாதி காலியான கேன் இருந்தால் போதும், கேனின் அடியில் தண்ணியும் எத்தனாலும் கூட்டுக் குடும்பம் நடத்தும். இன்ஜினுக்குப் பெட்ரோல் உறிஞ்சுகிற குழாயும் அடியில்தான் இருக்கிறது. ரோட்டாக்ஸ் கம்பெனியே தன் 912 ரகத்துக்கு 10 பங்கு எத்தனால் வரைதான் சம்மதம் சொல்லியிருக்கிறது.

"அதான் காலையில கெளம்பறதுக்கு முன்ன அடிப் பெட்ரோலை பாட்டில்ல புடிச்சிப் பாக்கணும். வெளிச்சத்துல காட்டினா முத்து மாதிரி உருளும். உருண்டா கொட்டிடணும். நான் பாக்காத எந்த மோட்டாரும் கரைய வுட்டுப் போவாது" என்றார். சொல்லும்போது ஒரு கம்பீரம்.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு படகுக்காரத் தம்பி வந்தான். ரிப்பேர் முடிந்த அவன் மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 25-ல் இந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு வெளியூர்க்காரர்களைச் சவாரி ஏற்றத் தடை. "சவாரி இல்ல, ட்ரையலு. ஸ்பேனர் புடிக்க ஆளு வேணும்" என்று எங்கள் இருவருக்கும் மிதவைச் சட்டை மாட்டி ஏற்றிக்கொண்டார்.

அண்ணன் பாட்டிலோடு படகின் பெட்ரோல் கேன் பக்கம் குனிந்தார். நான்தான், இந்த அதிகப்பிரசங்கிதான், "அண்ணே, ஒரே ஒரு போட்டோ! மோட்டார் மேல கை வெச்சாப்ல!" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார். போஸ் கொடுத்தார். நாலு போட்டோ எடுத்தேன். அப்புறம் தம்பி கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்ப, புறப்பட்டுவிட்டோம்.

காற்று முகத்தில் அடிக்கிறது. தூரத்தில் நாரைக் கூட்டம் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி. நண்பன் என் காதில், "இதே மாதிரிதான் மாப்ளே மேலயும் இருக்கும்" என்று கத்தினான். ஆமாம் என்று தலையாட்டினேன். மனதுக்குள் போஸ்ட் ஆபீஸ் பாஸ் புத்தகம் இறக்கை முளைத்துப் பறந்தது.

முகத்துவாரம் தெரிகிற தூரத்தில் மோட்டார் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

சத்தம் நின்றதும் வருகிற அமைதி இருக்கிறதே, அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தண்ணீர் கடலுக்கு இழுக்கிற நேரம். முகத்துவாரத்தில் மணல் மேடு. அலை அங்கே வெள்ளையாக உடைகிறது. படகுகள் கவிழ்கிற இடமே அதுதான். படகு அந்தப் பக்கமாகத் தானாக நகர ஆரம்பித்தது. தம்பி சொல்லாமலே நங்கூரத்தைத் தூக்கிப் போட்டான். கயிறு ஓடி, இழுத்து, ஒரு குலுக்கலோடு படகு நின்றது.

அண்ணன் பேசவில்லை. பெட்ரோல் டியூபில் இருக்கிற ரப்பர் பல்பை அமுக்கிப் பார்த்தார். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். அடியில் முத்து முத்தாக உருண்டது. கொட்டினார். இடுப்புத் துணி முடிச்சில் இருந்து புது பிளக் எடுத்தார். மாட்டிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல், நண்பனிடம் கேட்டார்:

"இங்க நங்கூரம் கீது. அங்க இன்னா போடுவ, தம்பி?"

நண்பன் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. வாட்சைப் பார்த்தேன். நின்றதில் இருந்து கிளம்ப 11 நிமிஷம். இதை ஏன் பார்த்தேன் என்றால், அந்த மாதிரி நேரத்தில் என் புத்தி எண்களில்தான் ஒளிந்துகொள்ளும். இந்த ரகக் குட்டி விமானம் 300 மீட்டர் உயரத்தில் இன்ஜின் நின்றால் தரையைத் தொட சுமார் இரண்டு நிமிஷம். அதற்குள் வயலோ, களமோ, உலர்ந்த ஏரியோ பார்த்து இறக்கிவிட வேண்டும். பிளக் மாற்ற அங்கே இடுப்பு முடிச்சும் இல்லை, இறங்கி நிற்கத் திண்ணையும் இல்லை. அந்த 503-க்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக் வைத்திருப்பதே, ஒன்று படுத்தால் இன்னொன்று இழுத்துக்கொண்டு போகத்தான். ஆனால் தண்ணீர் உள்ளே போனால் நாலு பிளக்கும் சேர்ந்துதான் படுக்கும்.

கரைக்கு வந்ததும் அண்ணன் எனக்குத் திட்டு வைத்திருப்பார் என்று பயந்தேன். அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். "முப்பது வருஷம். ஒரு நாளு வுடல. இன்னிக்கு உன் போட்டோவுக்கு நிமிந்தேன், வுட்டுட்டேன். திரும்பக் குனியல." டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. படகுக்காரத் தம்பியிடம் வேலைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும்போது வண்டியில் நாங்கள் அதிகம் பேசவில்லை. மீஞ்சூர் ரோட்டுக்குப் பக்கத்தில் நண்பன், "பாராசூட் வாங்கலாமாடா?" என்றான். விமானத்தையே முழுசாகத் தாங்கி இறக்குகிற ராக்கெட் பாராசூட் உண்டு. 1975-ல் ஹேங் கிளைடரோடு கீழே விழுந்து பிழைத்த போரிஸ் போபோவ் என்ற அமெரிக்கர், விழுகிறபோது வந்த கோபத்தில் யோசித்து, 1980-ல் அதற்கென்றே கம்பெனி தொடங்கினார். விலை விசாரித்தேன். என் இரண்டு லட்சமும் போதாது.

"பாராசூட் கெடக்கட்டும். முதல்ல அந்தப் போல்ட்டையெல்லாம் கழட்டு" என்றேன்.

கழற்றினான். ஒன்பது ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பல போல்ட்டுகள் குழாயோடு ஒட்டிக்கொண்டு வெல்லப்பாகு மாதிரி பிடித்திருந்தன. இரண்டு குழாயில் ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. அவற்றில் ஒன்று இறக்கையைத் தாங்குகிற முக்கியமான குழாய். நண்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். உள்ளே இருந்து அவன் பெண் குழந்தை வந்து, "அப்பா, ஏரோப்ளேன் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

இப்போது கணக்கு இப்படி. இரண்டு லட்சத்தில் முப்பத்தெட்டாயிரம் கொடுத்திருக்கிறேன். புலி ஸ்டிக்கருக்கு இல்லை. புது பிஸ்டன், ரிங், சூடு காட்டும் மீட்டர் இரண்டு, மணி காட்டும் மீட்டர் ஒன்று, எண் பொறித்த போல்ட்டுகள். நட்டு கழன்றால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் கோடு (உபயம்: அவன் மனைவி). இன்ஜின் கொட்டகையில் இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறது. அதைச் சுற்றி வலை. 50 மணி நேரம் தரையிலேயே ஓட்டிக் கணக்கு எழுதாமல் விமானத்தில் மாட்டுவதில்லை என்று ஒப்பந்தம். அப்புறம்தான் குழாய், துணி, அப்புறம்தான் அரசாங்கத்துக்கு விண்ணப்பம். எத்தனை வருஷம் ஆகுமோ? அமோல் யாதவ் கதை வேறு நினைவுக்கு வருகிறது.

நோட்டு என் பொறுப்பு. நீள லெட்ஜர் வாங்கி நானே கோடு போட்டேன். தேதி, ஆரம்பித்த மணி, நிறுத்திய மணி, ஆயில் கலவை, பாட்டிலில் தண்ணீர் உண்டா இல்லையா, புகைச் சூடு, பிளக்கின் நிறம். பிளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால் உள்ளே கொதிக்கிறது. கறுப்பாக இருந்தால் ஆயில் அதிகம். போன மாதம் மெக்கானிக் அண்ணன் பஸ் ஏறி வந்து பார்த்தார். லெட்ஜரைப் புரட்டினார். கடைசியில் இன்னொரு கட்டம் போடச் சொன்னார். 'நடுவில் யாராவது பேசினார்களா?' என்று. விமானிகளிடமும் இதே பழக்கம் உண்டாம். செக் லிஸ்ட் பார்க்கும்போது யாராவது குறுக்கிட்டால், விட்ட இடத்தில் இருந்து ஆரம்பிக்காமல் மறுபடி முதலில் இருந்து வருவது. அண்ணன் அதை எங்கும் படிக்கவில்லை.

போன ஞாயிறு. மணி மீட்டரில் 11.6. நண்பன் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினான். டியூபைத் தடவினான். நட்டு நட்டாகச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். பதினாலாவது நட்டில் இருக்கும்போது அவன் மனைவி இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.

"சர்க்கரை போதுமாடா?" என்று கேட்டுவிட்டேன்.

நண்பன் என்னை ஒரு பார்வை பார்த்தான். லெட்ஜரை என் பக்கம் தள்ளினான். நான் கடைசிக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினேன். அவன் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, மறுபடி கேன் பக்கம் குனிந்தான்.

டீ ஆறிப்போயிற்று.